முடிதிருத்தகத்தில் ஆண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தலைமுடியும் தாடியும்

முடி திருத்தும் தொழிலில் இருக்கும் என்னிடம் வருபவர்கள் பலவகைப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றில் பாதி, வேலை முடிந்து மேல்துணியை உதறும் நேரத்தில்தான் வெளியே வருகின்றன. அதே கேள்வியை முதல் நிமிடத்தில் கேட்டிருந்தால் வெட்டே வேறு விதமாக அமைந்திருக்குமே என்று பலமுறை வருந்தியிருக்கிறேன். ஆகவே அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன.

எப்படி வெட்டணும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்சம் குறைச்சு விடுங்க" என்றால் போதாதா?

போதாது. "கொஞ்சம்" என்பது உங்களுக்கு ஒரு விரல் அகலமாகவும் வெட்டுபவருக்கு இரண்டு விரல் அகலமாகவும் இருக்கலாம். நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: கடைசியாக முடி வெட்டி எத்தனை வாரம் ஆயிற்று, பக்கவாட்டில் தோல் தெரியலாமா கூடாதா, மேலே எவ்வளவு நீளம் மிஞ்ச வேண்டும், தினமும் எந்தப் பக்கம் வாருகிறீர்கள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்வதைவிட எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று விரலால் காட்டுவது தெளிவானது.

இவற்றில் முதல் செய்தியைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்கிறது. "ஆறு வாரத்துக்கு முன்பு வெட்டியது எனக்குப் பிடித்திருந்தது" என்று நீங்கள் சொன்னால், ஒன்றரை சென்டிமீட்டர் எடுத்தால் பழைய அளவு திரும்பும் என்று உங்களை முதன்முறை பார்க்கும் ஒருவராலும் கணக்கிட முடியும். படம் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் சுருள்முடி உடையவர் நேர்முடிக்காரரின் படத்தைக் காட்டினால் அது யாருக்கும் உதவாது. உங்கள் முடி உங்களுக்குப் பிடித்திருந்த நாளில் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த உங்கள் படங்களைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

ஒன் நம்பர், டூ நம்பர், ஜீரோ மெஷின் என்கிறார்களே, அதெல்லாம் என்ன கணக்கு?

மெஷினின் முனையில் மாட்டும் சீப்பு போன்ற கார்டின் எண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வழக்கமான கணக்கில் ஒவ்வொரு எண்ணும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதன்படி 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6 மி.மீ., 3 என்றால் ஏறத்தாழ 10 மி.மீ., 4 என்றால் 13 மி.மீ., 8 என்றால் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. முடி மிஞ்சும். கார்டு இல்லாமல் வெட்டுவது ஜீரோ. அப்போது 1 மி.மீ.க்கும் குறைவான முள்முடி மட்டுமே நிற்கும். அது பிளேடு போட்டு வழிப்பதற்குச் சமமில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சில மெஷின்களின் கார்டில் மில்லிமீட்டரே அச்சிடப்பட்டிருக்கும். அங்கே 3 என்றால் 3 மி.மீ.; நீங்கள் மனத்தில் நினைத்தது 10 மி.மீ. ஆகவே புதிய கடையில் எண்ணை மட்டும் சொல்லாமல் மில்லிமீட்டரிலும் சொல்லுங்கள். முதன்முறை என்றால் நினைத்ததைவிட ஓர் எண் கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள்.

ஃபேடு, டேப்பர், அண்டர்கட் மூன்றும் ஒன்றுதானே?

மூன்றும் வேறு. டேப்பர் என்பது கிருதாவிலும் பிடரியிலும் முடியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவது. ஓரத்திலும் சிறிது முடி இருக்கும். ஃபேடு அந்தக் குறைப்பைத் தோல் தெரியும் வரை கொண்டு சென்று தலையைச் சுற்றி முழுவதும் செய்வது. அது காதுக்குச் சற்று மேலே தொடங்கினால் லோ, நெற்றிப் பொட்டின் உயரத்தில் தொடங்கினால் மிட், அதற்கும் மேலே என்றால் ஹை. அண்டர்கட்டில் படிப்படி என்ற பேச்சே இல்லை. பக்கவாட்டு முழுவதும் ஒரே அளவில் குட்டையாகவும் மேல்முடி தனியே நீளமாகவும் இருக்கும்.

அலுவலகம், திருமணம் என்று எல்லா இடத்துக்கும் பொருந்தி, வளர்ந்த பிறகும் அலங்கோலமாகத் தெரியாதது டேப்பர்தான் என்பது என் கருத்து. என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

என் முகத்துக்கு எந்த வெட்டு பொருந்தும்?

வட்ட முகமானால் பக்கவாட்டைக் குறைத்து மேலே சற்று உயரம் விடுவதும், நீண்ட முகமானால் மேலே உயரம் கூட்டாமல் பக்கவாட்டில் சிறிது முடி விடுவதும் பொதுவான வழி. ஆனால் முகத்தின் வடிவத்தைவிட முடியின் தன்மைதான் பெரிதும் தீர்மானிக்கிறது: அடர்த்தி, சுருள், முன்கோட்டின் அமைப்பு, அடுத்த கேள்வியில் வரும் சுழி.

உச்சியில் இரட்டைச் சுழி இருக்கிறது. எப்படி வெட்டினாலும் அங்கே முடி நிமிர்ந்து நிற்கிறது. வெட்டுபவரின் தவறா?

சுழி என்பது முடியின் வேர்கள் தோலுக்குள் சுழன்று சாய்ந்திருக்கும் அமைப்பு. வெட்டு வேரைத் தொடுவதில்லை. ஆகவே சுழியை எந்த வெட்டும் நீக்காது. ஆனால் அதைக் கவனிக்காமல் வெட்டுவது வெட்டுபவரின் தவறே. தண்ணீர் தெளித்து வாரியவுடன் சுழி படிந்து மறைந்துவிடும் என்பதால், தெளிப்பதற்கு முன்பே விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

இதற்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, தன் எடையால் படியும் அளவுக்கு அந்த இடத்து முடியை நீளமாக விடுவது. மற்றது, நிமிர்ந்தாலும் தெரியாத அளவுக்கு ஒட்ட வெட்டுவது. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் நெட்டுக்குத்தாக நிற்கும். சுற்றிலும் குட்டையாக வெட்டினாலும் சுழியில் மட்டும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டால் பெரும்பாலோருக்குப் படிந்துவிடுகிறது.

கடையில் அழகாக இருந்தது. வீட்டில் தலைக்குக் குளித்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டதே?

நனைந்த முடி நீள்கிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. நேர்முடியில் இந்த வேறுபாடு சிறிது. சுருள்முடியிலோ நனைந்தபோது புருவத்தைத் தொட்டது காய்ந்தபின் நெற்றியின் பாதியில் நிற்கும். சுருள்முடி உடையவர்கள் உலர்ந்த முடியில் வெட்டச் சொல்லலாம். அல்லது நனைத்து வெட்டும்போது வேண்டிய நீளத்தைவிடத் தாராளமாக விடச் சொல்லலாம்.

மற்றொரு காரணம் பல்லுள்ள தினிங் கத்தரி. அடர்ந்த முடியின் கனத்தைக் குறைக்க அது தேவைதான். ஆனால் வேருக்கு அருகே மிகுதியாகப் போட்டால் உள்ளே நூற்றுக்கணக்கான குட்டைமுடிகள் உருவாகி, இரண்டு மூன்று வாரத்தில் அவை வளர்ந்து மேல்முடியைத் தூக்கிவிடும். வெட்டிய அன்று படிந்தும் பிறகு உப்பியும் தெரியும் தலைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அடுத்த முறை "நுனிப் பாதியில் மட்டும் போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும்?

ஃபேடு என்றால் இரண்டு, மூன்று வாரம். தோல் தெரிந்த இடத்தில் முடி வந்துவிட்டால் அந்தப் படிப்படியான தோற்றம் கலைந்துவிடுகிறது. கத்தரியால் வெட்டிய நடுத்தர நீளத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம். பிடரியில் நேர்கோடாகச் சதுரம் வைத்துக்கொள்பவர்களுக்குப் பத்து நாளிலேயே கோட்டுக்குக் கீழே முடி தெரியத் தொடங்கும். கோடின்றிக் குறைத்துவிட்ட பிடரி நெடுநாள் தாங்கும்.

அடிக்கடி வழித்தால் முடி அடர்த்தியாக, தடிப்பாக வளரும் என்கிறார்களே?

வளராது. வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை. அதன் தடிப்பும் வேகமும் தோலுக்கு உள்ளே இருக்கும் வேர்ப்பையில் முடிவாகின்றன. பிளேடு மேலே என்ன செய்தது என்பதை அந்த வேர் அறிவதில்லை. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே இதைச் சோதித்து, சவரத்தால் முடியின் தடிப்போ வளரும் வேகமோ கூடவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

ஆயினும் வழித்த இடத்தில் கைவைத்தால் முடி சொரசொரப்பாக இருப்பது உண்மை. தானே வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வழித்தபின் தலைகாட்டுவது வெட்டுப்பட்ட தட்டையான முனை. குட்டையாக இருப்பதால் அது வளையாமல் குத்துகிறது, கறுப்பாகவும் தெரிகிறது. தடித்துவிட்டது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது.

எனக்குத் தாடி திட்டுத் திட்டாக வருகிறது. தினமும் வழித்தால் சேர்ந்துவிடுமா?

முந்தைய பதில் இதற்கும் பொருந்தும், வழிப்பதால் சேராது. குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் கத்தியோ ட்ரிம்மரோ படாமல் விட்டுப் பாருங்கள். கன்னத்தில் வேர்கள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அருகிலுள்ள முடி நீண்டு இடைவெளியை மூடும்போது பலருக்குத் திட்டு மறைந்துவிடுகிறது. இருபதுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆறுதல் உண்டு: முப்பதை ஒட்டிய வயது வரையிலும்கூடத் தாடி அடர்ந்துகொண்டே போகலாம். அப்படியும் கன்னம் நிரம்பாதவர்கள் பக்கவாட்டைக் குறைத்து மோவாயிலும் மீசையிலும் நீளம் வைத்துக்கொண்டால் முகம் நன்றாக அமையும்.

முன்பு நிறைந்திருந்த தாடியில் திடீரென்று நாணயம் போல வழவழப்பான வட்டம் விழுந்தால் அது வேறு, புழுவெட்டாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தாடியின் கீழ்க்கோட்டை எங்கே போட வேண்டும்? ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு இடத்தில் போடுகிறார்கள்.

குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் தாடை எலும்புக்குக் கீழேயே வளைந்து சென்று, காது மடலுக்குப் பின்னால் முடியும் கோடுதான் பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்துகிறது. கோடு தாடை எலும்பின் மேலேயே ஏறிவிட்டால், நிமிர்ந்து பார்க்கும்போது அழகாகத் தெரியும். பேசும்போதோ குனியும்போதோ மோவாய்க்குக் கீழே உள்ள சதை தனியே தெரிந்து இரட்டை மோவாய் போலத் தோன்றும். தாடி வைத்தவர்களிடம் நான் அதிகம் காணும் குறை இதுதான். ஏற்றிப் போட்ட கோட்டைக் கீழே இறக்க இரண்டு வாரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே தாழ்வாகப் போடச் சொல்லி, பார்த்துவிட்டுச் சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லுங்கள்.

கன்னக் கோட்டை முடிந்தவரை இயற்கையாக விட்டு, தனித்து நிற்கும் முடிகளை மட்டும் எடுப்பது நல்லது. தலைமுடி 3 மி.மீ. அளவிலும் தாடி 13 மி.மீ. அளவிலும் இருந்தால், காதருகே இரண்டும் சேரும் இடத்தில் இடைப்பட்ட அளவுகளில் படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாடி ஒட்டவைத்தது போலத் தெரியும். சுழி பற்றியும் நீளம் பற்றியும் சொன்ன காரணத்தால் தாடியை எப்போதும் உலர்ந்த நிலையிலேயே குறைக்கச் சொல்லுங்கள்.

சவரம் செய்தால் கழுத்தில் சிவந்து புடைத்துக்கொள்கிறது. பிளேடு சரியில்லையா?

மழுங்கிய பிளேடும் காரணமாகலாம். ஆனால் மாதக்கணக்கில் நீடித்தால் பெரும்பாலும் அது உள்வளர்ந்த முடி. மிக ஒட்ட வழிக்கப்பட்ட சுருள்முடி, வெளியே வரும்போது வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்திக்கொள்கிறது. உடல் அதை முள்ளாக எண்ணிப் புடைக்க வைக்கிறது. தோலை இழுத்துப் பிடித்து எதிர்ப்போக்கில் வழிக்கும்போது முடி தோல்மட்டத்துக்குக் கீழே அறுபடுவதால் இது இன்னும் கூடும்.

முடியின் போக்கு முகம் முழுவதும் ஒன்றுபோல் இருக்காது. கன்னத்தில் கீழ்நோக்கியும், கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டாகவோ மேல்நோக்கியோ போகும். இரண்டு நாள் வளர்ந்த முடியை விரலால் தடவிப் பார்த்தால் எந்தத் திசையில் வழுக்குகிறது என்று தெரியும். வெந்நீர்த் துணியை இரண்டு மூன்று நிமிடம் வைத்து முடியை இளக்கியபின் அந்தத் திசையிலேயே ஒருமுறை மட்டும் வழிக்கச் சொல்லுங்கள். புடைப்பு மிகுதியாக இருந்தால் சில வாரம் பிளேடையே நிறுத்தி, ட்ரிம்மரால் 1 மி.மீ. விட்டுக் குறைத்துக்கொள்வதுதான் உறுதியான தீர்வு. சீழ் வைத்தாலோ பரவினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

புது பிளேடு போடச் சொன்னால் அவர் தவறாக நினைப்பாரோ?

நினைக்கக் கூடாது. தொழிலைச் சரியாகச் செய்பவர் நீங்கள் கேட்பதற்கு முன்பே உறையைப் பிரித்து, உங்கள் கண்முன் பிளேடை ஒடித்துப் பிடியில் மாட்டுவார். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்திலும் அது இருக்கும். முந்தையவருக்கு வெட்டுப்படவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. அதற்குத் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொள்ளாதவர்கள் போட்டுக்கொள்வது நல்லது, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

சீப்பும் கத்தரியும் முதலில் சோப்பு நீரில் கழுவப்பட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் முடித்துணுக்கும் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அடியில் இருக்கும் கிருமியைச் சென்றடையாது. அதன்பிறகே அவை கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும். பல கடைகளில் கண்ணாடிக் குடுவையில் காணும் நீலத் திரவம் அத்தகையது. அவற்றுள் புகழ்பெற்ற பார்பிசைடு 1947-இல் மாரிஸ் கிங் என்பவர் உருவாக்கியது. அதில் கருவிகள் 10 நிமிடம் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும்; நனைத்து எடுப்பது பயன் தராது. மெஷினை நீரில் மூழ்க வைக்க இயலாது என்பதால் ஒவ்வொருவருக்கும் பிறகு முடியைத் துலக்கி, அதற்குரிய தெளிப்பானால் துடைக்க வேண்டும். தலைப் படர்தாமரை பெரும்பாலும் சுத்தம் செய்யாத மெஷின், சீப்பு, துண்டு வழியாகவே கடையில் பரவுகிறது. எல்லோர் முகத்திலும் தேய்க்கப்படும் ஒரே படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெட்டுப்பட்டு இரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது?

சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பிறகு சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். படிகாரம் திசுவைச் சுருக்கி இரத்தக்கசிவை நிறுத்தும், ஆனால் அது புதிய துண்டாகவோ பொடியாகவோ இருக்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்களும், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களும், சவரப் பகுதியில் மச்சம் அல்லது மரு உள்ளவர்களும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிளேடு முன்பே வேறொருவருக்குப் பயன்படுத்தப்பட்டது என்று தெரியவந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பு சிகிச்சையை 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் கருதினால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

முடி வெட்டிய பிறகு கழுத்தை நெட்டி முறித்து விடுகிறார்கள். சுகமாக இருக்கிறது; செய்துகொள்ளலாமா?

வேண்டாம். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளின் வழியே ஏறுகின்றன. தலையைச் சட்டென்று திருப்பும்போது அத்தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அரிதாக நடப்பதுதான், ஆனால் இளவயதினருக்கும் நடந்திருக்கிறது. தலையையும் தோளையும் மெல்லப் பிடித்துவிடுவதில் தவறில்லை. நெட்டி முறிப்பதை நான் யாருக்கும் செய்வதில்லை. கேட்பவர்களுக்கும் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுகிறேன். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தாடிக்குச் சாயம் பூசினால் அரிக்கிறது. வேறு சாயம் மாற்றலாமா?

உடனே மாற்றாதீர்கள், முதலில் நிறுத்துங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தடுத்த முறை கடுமையாகவே வரும். முகம் வீங்குவதும் உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அதே பொருள் இருக்கலாம். எந்தப் புதிய சாயத்தையும் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும். சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டுப் பூசுவது சோதனை ஆகாது, ஏனெனில் இந்த ஒவ்வாமை தாமதமாகவே தோன்றும்.

முன்பக்கம் முடி குறைந்துகொண்டே வருகிறது. நீளமாக விட்டு மறைக்கலாமா?

நீளம் கூடக் கூட இடைவெளி அதிகமாகத் தெரியும். காற்றடித்தால் முழுவதும் தெரியும். பக்கவாட்டைக் குட்டையாக்கினால் மேலே உள்ள மெல்லிய முடிக்கும் பக்கத்து அடர்ந்த முடிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. மேல்முடியை இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் வைத்து முன்னோக்கி வாருவதும், தாடி அமையப் பெற்றவர்கள் அதைச் சற்று வளர்ப்பதும் உதவும். தாடியை அடர்த்தியாக்கும் அதே ஹார்மோன்தான் மரபுவழியாக வழுக்கை விழுபவர்களின் உச்சிமுடியை மெலியச் செய்கிறது. ஆகவே இரண்டும் ஒருவரிடமே காணப்படுவதில் வியப்பில்லை.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதைவிட மிகுதியானாலோ கோடு வேகமாகப் பின்வாங்கினாலோ மருத்துவரைக் கேளுங்கள். மினாக்ஸிடில் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்காக 1988-இல் ஏற்கப்பட்ட மருந்து. அதுபோன்ற சிகிச்சைகள் தொடக்கத்திலேயே எடுத்தால்தான் நன்கு பயன்படுகின்றன. எந்த மருந்து என்பதை முடிதிருத்துநர் சொல்லக் கூடாது. உச்சியில் முடி குறைவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே என்பதால், கண்டதைச் சொல்ல வேண்டும்.

வெட்டு பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடமாக இருக்கிறது. பேசாமல் வந்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடலாமா?

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பு சொல்லுங்கள். பின்கண்ணாடி காட்டும்போது தலையாட்டிவிடாமல் பிடரியையும் இரு காதோரங்களையும் நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருப்பது, படி தெளிவாகத் தெரிவது, கிருதா ஏற்றத்தாழ்வாக இருப்பது ஆகியவை ஐந்து நிமிடத்தில் சரியாகக்கூடியவை. "நன்றாக இல்லை" என்பதைவிட "இந்தப் பக்கம் கனமாக இருக்கிறது" என்று கைவைத்துக் காட்டினால் வெட்டுபவருக்கும் மனம் நோகாது, வேலையும் நடக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகு குறை தெரிந்தால் ஓரிரு நாளில் திரும்பி வாருங்கள். வெட்டியவரிடமே வந்தால்தான் எந்த அளவில் வெட்டினார் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

அளவுக்கு மீறிக் குட்டையாகிவிட்டதை மட்டும் யாராலும் திருத்த முடியாது. முதல் பதிலில் சொன்ன கணக்கை இங்கே எண்ணிப் பாருங்கள்: 3 மி.மீ. ஆகிவிட்ட பக்கவாட்டு ஏறத்தாழ பத்து நாளில் 6 மி.மீ. ஆகும். அதுவரை வேறு கடையில் சரிசெய்ய முயன்று மேல்முடியையும் குறைத்துக்கொள்ளாதீர்கள், பத்து நாள் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த முறை பக்கவாட்டில் 6 மி.மீ. வையுங்கள்" என்று சொல்லுங்கள்.